கடைசி ஏற்றமும் ஒரு வினைச்சொல்லும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும், ஆனால் மேம்பாலம் வந்தால் தள்ளிக்கொண்டு போகிற ரகம். மலை என்றால் எனக்குப் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாந்தி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டிய இடம். அப்படிப்பட்டவன் ஒரு மலைச் சைக்கிள் பயணத்தின் கடைசி ஒன்பது கிலோமீட்டர் ஏற்றத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் என் கடைவாய்ப் பல்.

பல் டாக்டர் ஆறாவது மாடியில் இருக்கிறார். ஊசி போட்டு, குடைந்து, அடைத்து, 'ரெண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாதீங்க' என்று அனுப்பினார். பாதி முகம் என்னுடையதாகவும் பாதி முகம் வேறு யாருடையதோ போலவும் லிஃப்ட்டில் ஏறினேன். ஐந்து தாண்டியது. நாலு தாண்டியது. மூன்றுக்கு வருவதற்குள் ஒரு குலுக்கு, ஒரு முனகல். நின்றுவிட்டது.

பொத்தான்களையெல்லாம் அழுத்தினேன். கடைசியில் மணி படம் போட்ட பொத்தானை அழுத்தியதும் சுவரிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல் வந்தது. பயப்பட வேண்டாம், மேலே வேலை நடக்கிறது, கொஞ்ச நேரம் ஆகும் என்றது. 'பரவாயில்லை, எனக்கு ஒன்றும் பயமில்லை' என்று நான் சொன்னேன். மரத்துப்போன வாயிலிருந்து அது 'பழாயில்லழ' என்று வந்தது.

"அழறீங்களா சார்?" என்றது குரல்.

இல்லை என்று சொல்ல முயன்றேன். அதுவும் அழுகை மாதிரியேதான் கேட்டது. குரல் உடனே தாயாக மாறிவிட்டது. "சரி, நீங்க எதுவும் பேச வேண்டாம். நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கிட்டே இருங்க. போன வருஷம் நான் சைக்கிள்ல ஒரு மலை ஏறினேன்."

ஐம்பது நிமிடம். வாய் மரத்தவனிடம் கதை சொல்வதுபோல வசதியான வேலை உலகத்தில் கிடையாது. குறுக்கே ஒரு கேள்வி வராது. நானும் முதலில் வேறு வழியில்லாமல் கேட்டேன், பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டேன். ஒன்பது கிலோமீட்டர் ஏற்றத்தில் எட்டரை முடிந்தது. "அந்தக் கடைசி வளைவு திரும்பினதும் பார்க்கறேன் சார்..." என்றது குரல். லிஃப்ட் குலுங்கியது, இறங்கியது, கதவு திறந்தது. வெளியே காவலாளி கையில் டார்ச்சோடு நின்றார். ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது.

பார்த்து என்ன ஆச்சு? ஏறினாரா, இல்லையா? காவலாளியைக் கேட்டேன். 'யாரு சார்?' என்றார். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட அநியாயம் யாரும் செய்ய முடியாது.

2

வீட்டுக்கு வந்ததும் எழுத ஆரம்பித்தேன். முடிவு தெரியாவிட்டால் என்ன, எழுதிக்கொண்டே போனால் தானாக வரும் என்று ஒரு தைரியம்.

முதல் தொடக்கம்: 'மேகங்களின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது அந்த மலை. அதன் மீது ஒரு மனிதன், ஒரு சைக்கிள், ஒரு கன'

(இங்கே என் வலது கையை இடது கையால் பிடித்து நிறுத்தினேன். 'ஒரு கனவு' என்று எழுதியிருந்தால் நீங்கள் புத்தகத்தை மூடியிருப்பீர்கள். நியாயம்தான்.)

இரண்டாம் தொடக்கம்: 'அவருடைய சைக்கிளில் முன்னால் இரண்டு பல்சக்கரங்கள், பின்னால் பதினொன்று. ஆக இருபத்திரண்டு கியர். இதில் மலைக்கு உருப்படியாக உதவுவது ஒன்றே ஒன்று. மற்ற இருபத்தொன்றும் எதற்கு என்றால்'

(எதற்கு என்று எனக்குத் தெரியாது. சைக்கிள் கடைக்காரரிடம் கேட்கலாம் என்று போனேன். அவர் எனக்கு ஒரு காற்றுப் பம்பை விற்றுவிட்டார்.)

மூன்றாம் தொடக்கம்: 'அவரை எல்லோரும் மாடி என்று கூப்பிட்டார்கள்.'

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

மாடிக்கு வயது ஐம்பத்தொன்று. இப்படி எழுதினால் ஏதோ கட்டடத்தின் வயதைச் சொல்வது போல இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக லிஃப்ட் ஓடுகிற அந்த இருட்டுக் கூண்டுக்குள் ஏறி இறங்குகிறவர். உலகத்தில் எதைக் கண்டாலும் மாடிக் கணக்கில்தான் அளப்பார். மரம் என்றால் 'ரெண்டரை மாடி இருக்கும்' என்பார். ஒருமுறை தன் மனைவியை 'அரை மாடி' என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் தானே சமைத்துச் சாப்பிட்டார்.

அந்த மனைவி பேருந்து நடத்துநர். காலையிலிருந்து மாலை வரை 'ஏறுங்க, உள்ளே போங்க, யாரு இறங்கணும்' என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வரும்போது தொண்டையில் மிச்சம் எதுவும் இருக்காது. அதனால் வீட்டில் அவள் பேசினால் முக்கியமான விஷயம் என்று அர்த்தம்.

(மனைவியை 'அவள்' என்று எழுதுவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இருவருக்கும் 'அவர்' போட்டால் யாருடைய முட்டி என்று எனக்கே குழம்பிப்போகிறது.)

ஆமாம், முட்டி. அதற்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தில், லிஃப்ட்டுக்கு அடியிலிருக்கிற குழிக்குள் மாடி வழுக்கி விழுந்தார். வலது முட்டி போய்விட்டது. போன் மேலே பையில் இருந்தது. மூன்று மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் அவள் நாற்பத்தொரு தடவை போன் செய்திருக்கிறாள். மேலே அது அடிப்பது அவருக்குக் கீழே கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது மட்டும் ஸ்பீக்கர் குரல் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசியது.

ஆபரேஷன் ஆனது. முட்டி மறுபடி மடங்க ஆரம்பித்தது. அலுவலகத்தில் கூப்பிட்டு, இனிமேல் கூண்டுக்குள் போக வேண்டாம், உள்ளே ஒரு நாற்காலி வேலை தருகிறோம் என்றார்கள். மாடிக்கு அது பென்ஷன் கொடுத்து மூலையில் உட்கார வைக்கிற மாதிரி இருந்தது. இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று ஒரு வருடம் இழுத்தார். டாக்டர் முட்டிக்குச் சைக்கிள் நல்லது என்று சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னது தெருமுனை வரைக்கும். மாடி ஒரு சைக்கிள் குழுவில் சேர்ந்து, ஐந்து நாளில் நானூற்று இருபது கிலோமீட்டர் மலைப்பாதைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

சாப்பாட்டு மேசையில் சண்டை நடக்கும் என்று எதிர்பார்த்தார். நடக்கவில்லை. அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பந்தயம் கட்டினாள்.

"கடைசி ஏத்தத்துல ஒரே ஒரு தடவை இறங்கினாலும் நாற்காலிக்குச் சரின்னு சொல்லிடணும். இறங்காம ஏறிட்டீங்கன்னா, அதுக்கப்புறம் உங்க முட்டியைப் பத்தி இந்த வீட்ல நான் பேசவே மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இனி கூண்டா, நாற்காலியா என்பது ஒன்பது கிலோமீட்டரில் முடிவாக வேண்டும். அவருக்கு ஏற வேண்டும். அவளுக்கு அவர் இறங்க வேண்டும்.

4

ஐந்தாம் நாள் காலை அடிவாரத்தில் மாடி கணக்குப் போட்டார். ஏற வேண்டிய உயரம் அறுநூறு மீட்டர். ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் வைத்தால் இருநூறு மாடி. நாற்பத்தைந்து மீட்டர் சாலையை மிதித்தால் ஒரு மாடி ஏறிவிடலாம். மலை என்று நினைத்தால்தான் பயம். இருநூறு மாடிக் கட்டடம் என்று நினைத்தால் வேலை. அவருக்குத் தெரிந்த வேலை.

ஏறத் தொடங்குகிறேன் என்று மனைவிக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுக் காலைத் தூக்கிப் பெடலில் வைத்தார். குழுவில் ஒன்பது பேர். ஏழு பேர் கண் மூடித் திறப்பதற்குள் முதல் வளைவைத் தாண்டிப் போய்விட்டார்கள். எட்டாவது ஆள் பேக்கரிக்காரி. வாய் ஓயாமல் பேசுகிற, தடித்த, சந்தோஷமான பெண். அவளும் 'வாங்கண்ணே' என்று கையை ஆட்டிவிட்டுப் போனாள். மாடி அவசரப்படவில்லை. பத்து மாடி. இருபது. நாற்பது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் பலகை. வெளி ஓரமாகத் திரும்பினால் சரிவு குறைவு என்று மூன்றாவது வளைவில் கண்டுபிடித்தார். குழாய் ஏற்றிய லாரி ஒன்று முனகிக்கொண்டு கடந்தது. அதைப் பார்த்து 'உனக்கும் கஷ்டம்தானா' என்று ஒரு ஆறுதல்.

எழுபதாம் மாடியில் கட்டைவிரல் இன்னும் ஒரு கியர் கீழே இருக்கிறதா என்று தேடியது. இல்லை. அதுதான் கடைசி. இருக்கும் என்று நம்பி மறுபடி தேடினார். மறுபடியும் இல்லை.

நூற்றுப்பத்தாம் மாடியில் முட்டி 'டக்' என்றது.

சத்தத்தை வைத்தே நோய் சொல்கிறவர் மாடி. கிர்ர் என்றால் கயிறு, உய்ங் என்றால் மோட்டார், டக் என்றால் பேரிங். தன் முட்டிக்கும் அதே முறையில் பரிசோதனை செய்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக், ஆனால் வலி இல்லை. வலி இல்லாத டக்குக்கு லிஃப்ட்டை நிறுத்த மாட்டோம், அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்வோம். ஓட்டினார்.

நூற்றைம்பதில் பேக்கரிக்காரி சாலையோரச் சுவரில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். சைக்கிள் பக்கத்தில் சாய்ந்திருந்தது. வெட்கமே இல்லை. "இறங்குங்கண்ணே, காட்சி பிரமாதமா இருக்கு" என்றாள். மாடி தலையை மட்டும் ஆட்டினார். பேசினால் மூச்சு செலவாகும். அவள் எழுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நடக்க ஆரம்பித்தாள்.

இங்கேதான் கொடுமை. மிதிக்கிறவரும் நடக்கிறவளும் ஒரே வேகம். அவருக்கு நாக்கு தள்ளுகிறது; அவள் வாயில் பன், கையில் சைக்கிள், மாவு புளிக்காமல் போன ஒரு நாளைப் பற்றிய கதை வேறு.

"அண்ணே, நான் நடக்கறேன், நீங்க மிதிக்கறீங்க, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போறோம். இதுல உங்களுக்கு என்ன லாபம்?" என்றாள்.

பதில் சொல்ல அவருக்கு ஆசைதான். ஆனால் அப்போது நூற்று எழுபது, சாலை இன்னும் செங்குத்தாகிவிட்டது. முன்சக்கரம் இடதும் வலதுமாக ஆடியது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சட்டத்தில் சொட்டியது. டக்கோடு சேர்ந்து இப்போது வலியும் வந்திருந்தது, முட்டிக்கு உள்பக்கமாக, ஊசி குத்துவதுபோல. மேலே மூடுபனி. கடைசி வளைவின் மஞ்சள் பலகை தெரிந்தது. திரும்பினார்.

அந்தக் கடைசி வளைவு திரும்பினதும் பார்க்கறேன் சார்...

5

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இனி என் பாடு.

முடிவு அ: மாடி ஏறிவிடுகிறார். பனி விலகுகிறது, சூரியன் வருகிறது, பேக்கரிக்காரி கை தட்டுகிறாள். எழுதிப் பார்த்தேன். முட்டிவலித் தைல விளம்பரம் போல இருந்தது. அடியில் தைலத்தின் பெயரைப் போடுவதுதான் பாக்கி.

முடிவு ஆ: மாடி இறங்கிவிடுகிறார். 'கால் தரையில் பட்ட கணத்தில் அவருக்குப் புரிந்தது, வாழ்க்கை என்பது' (வேண்டாம். வாழ்க்கை என்பது என்னவென்று மூச்சிரைக்கிறவனுக்கு எப்படிப் புரியும்? தண்ணீர் எங்கே என்றுதான் புரியும்.)

முடிவு இ: பேக்கரிக்காரி அவர் முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளுகிறாள். இது இறங்கியதில் சேருமா? பந்தயத்தில் இதற்கு விதி இல்லை. விதி இல்லாத இடத்தில் நானாக ஒன்றைப் புகுத்தினால் கணவனும் மனைவியும் சேர்ந்து என்னைத்தான் மொத்துவார்கள்.

இதற்குள் கெட்டிக்கார வாசகர் ஒருவர் கையைத் தூக்குவது எனக்குத் தெரிகிறது. 'ஐயா, அவர்தானே உங்கள் லிஃப்ட்டைச் சரிசெய்தார்? அப்படியென்றால் இன்னும் கூண்டு வேலையில்தானே இருக்கிறார்? ஏறி ஜெயித்துவிட்டார் என்று இதிலேயே தெரியவில்லையா?' என்கிறார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன், கெட்டிக்கார வாசகரே. ஆனாலும் மனசு ஆறவில்லை. லிஃப்ட்டுக்குள் ஒட்டியிருந்த போன் எண்ணைத் தேடி எடுத்து, விலாசம் கேட்டு, நேரில் போனேன்.

6

லிஃப்ட் கம்பெனி அலுவலகத்தில், தரைத்தளத்தில், வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்த ஒரு சின்ன அறை. சுவர் முழுக்க பலகை. பலகை முழுக்க கட்டடப் பெயர்களும் குண்டூசித் தலை அளவு விளக்குகளும். மேசையில் நூல் கட்டிய பேனா. காதில் ஹெட்போனோடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கால் ஒரு முக்காலியின் மேல் நீட்டியிருந்தது.

"சொல்லுங்க சார்" என்றார். அதே குரல்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. என் லிஃப்ட்டுக்கு மேலே நின்று திருகிக்கொண்டே பேசினார் என்று நான் நினைத்த ஆள், உண்மையில் ஊரின் மறுகோடியில், இந்த நாற்காலியிலிருந்து பேசியிருக்கிறார். திருகியது வேறு யாரோ. மாட்டிக்கொண்டவர்கள் பதறாமல் பார்த்துக்கொள்வதுதான் இவர் வேலை. (கெட்டிக்கார வாசகரே, நம் இருவருக்கும் மூக்கு உடைந்தது.)

பல்வலிக்காரன் என்று சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். கதையின் முடிவைக் கேட்டு வந்தேன் என்றதும் சிரிப்பு நின்று, அப்படியே என்னைப் பார்த்தார். இதுவரை யாருமே கேட்டு வந்ததில்லையாம். கதவு திறந்ததும் எல்லோரும் ஓடிவிடுகிறார்களாம். அவரும் கதையை அதற்குத் தகுந்த மாதிரிதான் சொல்லுவாராம்: பத்து நிமிட வேலை என்றால் நூற்றைம்பதாம் மாடியில் ஆரம்பிப்பார், ஒரு மணி நேரம் என்றால் சைக்கிள் வாங்கிய நாளில். "உங்களுக்கு அம்பது நிமிஷம்னு சொன்னாங்க. அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சேன். கணக்கு சரியா இருந்துச்சுல்ல?"

சரியாகத்தான் இருந்தது. "அப்ப நீங்க இறங்கிட்டீங்க" என்றேன், நாற்காலியைக் காட்டி.

"ஆமா, இறங்கிட்டேன்" என்றார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

7

கடைசி வளைவு திரும்பியதும் அவர் பார்த்தது, ஒன்றுமில்லை. வெறும் மூடுபனி. அதற்குள் மிதித்துக்கொண்டு போனார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. நூற்றுத் தொண்ணூற்றொன்பது. இருநூறு. கணக்கு முடிந்தது. ஆனால் சாலை இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது.

"இன்னும் இருக்குண்ணே" என்றாள் பேக்கரிக்காரி.

அந்த நொடியில் எல்லாம் விட்டுப்போனது. இருநூறு என்று சொல்லித்தான் காலை ஏமாற்றிக் கூட்டிவந்திருந்தார். இருநூற்றுக்கு மேல் காலிடம் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. இடது பாதம் பெடலை விட்டுப் பாதி கீழே வந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது: தரைத்தளம். தரைத்தளத்தை எண்ணவில்லை. அடிவாரத்தையே முதல் மாடி என்று எண்ணித் தொடங்கியிருக்கிறார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை இருபத்தாறு வருடமாக எந்தத் தப்புக்குத் திட்டுவாரோ, அந்தத் தப்பு. மிச்சம் ஒரே ஒரு மாடி. நாற்பத்தைந்து மீட்டர்.

நடு ஏற்றத்தில், வலியோடு, மாடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பாதத்தை மறுபடி பெடலில் வைத்தார். சிரித்துக்கொண்டே ஏறினார். ஏன் சிரிக்கிறார் என்று தெரியாமல் பேக்கரிக்காரியும் சிரித்துக்கொண்டே கூட ஓடிவந்தாள். சாலை மட்டமானது. கால் ஒருமுறைகூடத் தரையில் படவில்லை.

(உண்மையான முடிவு, முடிவு 'அ'வைப் போலவே இருக்கிறது. சூரியன் மட்டும் வரவில்லை. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.)

உச்சியில் நிற்காமலேயே மறுபக்கச் சரிவில் விட்டார். பதினாறு கிலோமீட்டர் இறக்கம். விரல்கள் பிரேக்கிலேயே விறைத்துப்போயின. கீழே பயணம் முடிகிற சின்ன ஊரின் பேருந்து நிலையத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, போனை எடுத்து, விறைத்த விரலால் மனைவிக்கு ஒரே ஒரு சொல் அனுப்பினார்.

இறங்கிட்டேன்.

லிஃப்ட்காரர் பாஷையில் இதற்கு ஒரே அர்த்தம்தான். மேலே போனது கீழே வந்து சேர்ந்தது, வேலை முடிந்தது. ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்கிற சொல். ஆனால் அதைப் படித்தவள் நடத்துநர். 'இறங்கிட்டேன்' என்றால் அவளுக்கும் ஒரே அர்த்தம்தான். வண்டியை விட்டு இறங்கிவிட்டார். பந்தயம் கட்டிய சொல்லே அதுதான் என்பது நம் ஆள் மண்டையில் ஏறவேயில்லை.

அவள் பேருந்தின் படியில் நின்றபடியே அவருடைய மேலாளருக்குப் போன் செய்து, 'ஒத்துக்கிட்டார், அடுத்த வாரமே வந்துடுவார்' என்று சொல்லிவிட்டாள். வேலையை இன்னொருவரிடம் மாற்றிக்கொடுத்துவிட்டு, அந்தச் சின்ன ஊருக்குப் பேருந்து பிடித்தாள். மாலையில் சீருடையோடு, தோளில் பையோடு வந்து இறங்கினாள். இவர் வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்றார், ஜெயித்த கதையைச் சொல்ல. அவள் நேராக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க. இனிமே நீங்க போன் எடுக்கலைன்னா நாப்பத்தொரு தடவை அடிச்சுக்கிட்டு இருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். முட்டி உடைந்த அன்றைக்குக்கூட அழாதவள், பேருந்து நிலையத்தில், அத்தனை பேருக்கு நடுவில் நின்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

"நான் என்ன சார் பண்ணுவேன்?" என்றார் மாடி என்னிடம். "ஆமா, இறங்கிட்டேன்னுட்டேன்."

பேக்கரிக்காரி பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள். வாயைத் திறக்கப்போனவளின் காலை இவர் மிதித்திருக்கிறார். அதுதான் அன்றைக்கு அவர் கடைசியாக மிதித்தது.

வருத்தமில்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றார், மறைக்கவில்லை. கூண்டுக்குள் அடிக்கிற கிரீஸ் வாசனை அவ்வப்போது மூக்கில் வருமாம். ஆனால் நாற்காலியும் அவர் பயந்த மாதிரி இல்லையாம். இருட்டில் தனியாக மாட்டிக்கொண்டவனுக்குப் பேச்சுக்குரல் கேட்டால் எப்படி இருக்கும் என்று அந்தக் குழியில் கிடந்தவருக்குத் தெரியாதா? "வீட்லயும் நிம்மதி சார். அன்னைலேர்ந்து முட்டிங்கற பேச்சையே அவ எடுக்கறதில்லை. நாற்காலிக்கு வந்துட்டேன்ல, கவலை விட்டுப்போச்சு."

பலகையில் ஒரு விளக்கு எரிந்தது. அவர் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். 'இதை எழுதாதீங்க' என்று அர்த்தமா, 'ஒருத்தர் மாட்டிக்கிட்டார், சத்தம் போடாதீங்க' என்று அர்த்தமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டாவது என்று வைத்துக்கொண்டு எழுதிவிட்டேன்.

8

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடித்து, மடித்து, தபால் உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். பிழை திருத்த ஒருமுறை படித்துவிடலாம் என்று உறையைப் பிரித்து, என் கையால் நானே எழுதிய மூன்றாம் பகுதிக்கு வந்தபோது பக்கென்றது.

'இறங்காம ஏறிட்டீங்கன்னா, அதுக்கப்புறம் உங்க முட்டியைப் பத்தி இந்த வீட்ல நான் பேசவே மாட்டேன்.'

அவள் பேசுவதில்லை.

தோற்றவர் கொடுக்க வேண்டியதை அவர் கொடுத்துவிட்டார், ஜெயித்திருந்தும். ஆனால் அவர் ஜெயித்திருந்தால் கொடுக்க வேண்டியதை அவளும் கொடுத்துக்கொண்டிருக்கிறாளே? ஏன்? கவலை விட்டுப்போனதாலா? அல்லது அவளுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் எப்போதிலிருந்து? பேக்கரிக்காரி பிறகு உளறினாளா? அல்லது, போனில் அந்தச் சொல்லைப் படித்த நொடியிலேயே இரண்டு அர்த்தமும் தெரிந்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாளா?

எழுதுகிறவனே வாசகனாக நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரிய அவமானம். மறுநாள் மத்தியானம் அந்தப் பேருந்தில் ஏறினேன். (எந்த வழித்தடம் என்று மாடியே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார்.) கூட்டமில்லை. நடத்துநர் கதவோர இருக்கையில் சில்லறைப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் அரை மாடி என்று சொல்ல மாட்டேன். எனக்கும் சாப்பாடு வேண்டும். காற்றுப் பம்பைக் கையில் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

தூண்டிலில் மீன் விழுந்தது. சைக்கிள் ஓட்டுவீர்களா என்று கேட்டார். ஓட்டுவேன் என்று பொய் சொன்னேன். தன் வீட்டுக்காரரும் ஓட்டுவார், மலைக்கெல்லாம் போனார் என்றார்.

"ஏறிட்டாரா?"

"எங்கே? கடைசியில இறங்கிட்டார்." பையிலிருந்த சில்லறையைத் திரும்ப அடுக்கினார். "முட்டி கொஞ்சம் சரியில்லாதவர். வலது முட்டி."

"இப்ப எப்படி இருக்கு முட்டி?"

"அதை நான் கேக்கறதில்லைங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல, அகலமான சிரிப்பு. ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார். நான் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் நிறுத்தம் வந்தது, பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேர் ஏறினார்கள், அவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

9

இந்தப் பகுதியை எழுதும் உரிமை எனக்கு இல்லை. அவர் ஏறினாரா இல்லையா என்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன். அதுவே பெரிய வேலை. அந்த அம்மாவுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

தெரியும் என்று நினைக்கிறவர்கள், அந்தச் சிரிப்பிலிருந்து தொடங்குங்கள். தெரியாது என்று நினைக்கிறவர்கள், அந்தப் பேருந்து நிலையத்து அழுகையிலிருந்து தொடங்குங்கள். இரண்டுக்கும் ஆதாரம் கொடுத்திருக்கிறேன், ஒரு பக்கம் சாயவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். தெரியும் என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து அதை மாடியிடம் காட்டாதீர்கள். தெரியாது என்று எழுதுகிறவர்கள் அந்த நடத்துநரிடம் காட்டாதீர்கள். அவர்கள் வீட்டில் இப்போது எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்குகிறார்கள்.